விரிசல் விட்ட குழல்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாகக் கர்நாடகப் புல்லாங்குழல் கற்கிறாள். 5 கட்டை (சுருதி அளவு) மூங்கில் குழல், 1,400 ரூபாய்க்கு வாங்கியது. சித்திரை வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காருக்குள்ளேயே கிடந்துவிட்டது. இப்போது அடிமுனையிலிருந்து கிளம்பி, துளை வரிசைக்குப் பக்கவாட்டில் 6-ஆம் துளையைத் தாண்டி மேலே ஒரு விரிசல் ஓடியிருக்கிறது. பழுது பார்ப்பவர் ஒட்டி நூல் கட்டித்தர 400 ரூபாய் கேட்கிறார். கடைக்காரர் "மூங்கிலே வேண்டாம், ஃபைபர் குழல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். பாட்டு வாத்தியாரோ, இந்தக் குழலில் நி எப்போதுமே கொஞ்சம் இறங்கித்தான் நிற்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார். கீழ் ஸ்தாயியும் (தாழ்ந்த சுரங்களும்) விரிசலுக்கு முன்பிருந்தே காற்றாகத்தான் வரும். அவளுக்குத்தான் ஊத வரவில்லையோ என்றும் கவலையாக இருக்கிறது. சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா? தினமும் எண்ணெய் தடவினால் விரிசல் வராது என்கிறார்களே, உண்மையா? – ஒரு தாய், திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விரிசல் கண்ணில் படுகிற குறை, அதனால் அதுவே பெரிதாகத் தெரிகிறது. மூங்கிலில் நேராக ஓடும் விரிசலை ஒழுங்காக ஒட்டி நூல் கட்டினால் அந்தக் குழல் இன்னும் பல வருடம் உழைக்கும். சுருதி சேராத குழலை மட்டும் எந்த நூலும் காப்பாற்றாது. ஆகவே முதலில் சுரங்களைப் பாருங்கள், பிறகு ஊதுதுளையை, விரிசலைக் கடைசியில். குழல் நன்றாகப் பேசுகிற குழல் என்றால் இந்த விரிசலுக்காக அதை ஒதுக்க வேண்டாம். பேசாத குழல் என்றால் விரிசலே இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

இதில் நாங்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உங்கள் மகளின் வயது. காது பழகுகிற காலம் இது. ஒரு சுரம் இறங்கி நிற்கும் குழலிலேயே வருடக்கணக்கில் ஊதும் குழந்தை, அந்த இறங்கிய சுரத்தையே சரியென்று மனதில் வாங்கிக்கொள்ளும். கூர்மையான காது உள்ள குழந்தையாக இருந்தால், அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் உதட்டைத் திருப்பி ஏற்றி ஊதப் பழகிவிடும். பிற்பாடு நல்ல குழல் கைக்கு வந்தாலும் அந்தத் திருப்பல் உடனே போகாது.

சோதனையை உங்கள் மகளை வைத்துச் செய்யாதீர்கள், வாத்தியாரை ஊதச் சொல்லுங்கள். ஊதுகிறவரின் குறையும் குழலின் குறையும் கலந்துவிடாமல் இருக்க இது ஒன்றே வழி. அதற்கு முன் விரிசலைத் தற்காலிகமாக அடைக்க வேண்டும். குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் 20 ரூபாய்க்குள் கிடைக்கும். அதை இழுத்துப் பிடித்து, துளைகள் மூடாதபடி இடையிடையே மூன்று சுற்று சுற்றுங்கள். அதில் பசை கிடையாது என்பதுதான் வசதி. செல்லோ டேப், இன்சுலேஷன் டேப் எதையும் ஒட்ட வேண்டாம். அவற்றின் பசை மூங்கிலில் ஊறிவிட்டால் பின்னால் ஒட்டும் பசை பிடிக்காது.

ஃபேனை நிறுத்திவிடுங்கள், அந்தக் காற்று உதட்டிலிருந்து போகும் காற்றைக் கலைக்கும். ஏசி அறையும் வேண்டாம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் நகரும் (அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே 100 சென்ட்). குளிர்ந்த அறையில் சோதித்து வெயிலில் ஊதினால் எண்கள் பொருந்தா. குழலை ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு, கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஏதாவது ஒன்றை 440 ஹெர்ட்ஸில் (‘ஏ’ சுரத்துக்கான வழக்கமான அளவு) வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் கமகம் (சுரத்தை அசைத்துக் குழைப்பது) இல்லாமல் நீளமாகக் கார்வை கொடுத்து ஊதச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

மாயாமாளவகௌளையில் சோதிக்காதீர்கள். சரளி வரிசையிலிருந்து எல்லாம் அந்த ராகத்தில் பழகியதால் கை அங்கேதான் போகும். ஆனால் அதன் ரி, த, நி மூன்றுமே துளையைப் பாதி மூடிப் பிடிக்கும் சுரங்கள், அங்கே பிழை வந்தால் விரலுடையதா குழலுடையதா என்று சொல்ல முடியாது. குழலின் இயற்கையான ராகம் ஹரிகாம்போதி. அதன் சுரங்கள் எல்லாம் துளையை முழுதாக மூடியோ முழுதாகத் திறந்தோ வருபவை. ஊதுதுளைப் பக்கமிருந்து எண்ணினால், இரண்டு துளை மூடினால் ஸ, மூன்று மூடினால் நி, நான்குக்கு த, ஐந்துக்கு ப, ஆறுக்கு ம, ஏழும் மூடினால் கீழ் க. ஒன்று மட்டும் மூடினால் ரி, எல்லாம் திறந்தால் மேல் க. 5 கட்டைக் குழலில் செயலி ஸ-வுக்கு ஜி காட்ட வேண்டும். அங்கிருந்து ரி ஏ, க பி, ம சி, ப டி, த ஈ, நி எஃப்.

செயலி சொல்வதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கீபோர்டின் சம அளவுச் சுரங்களை வைத்துச் சொல்கிறது. தம்புராவோடு இழைகிற அந்தர காந்தாரம் (இந்த ராகத்தின் க) அதைவிட 14 சென்ட் குறைவு, சதுஸ்ருதி தைவதம் (இதன் த) 16 சென்ட் குறைவு. நன்றாகத் தேர்ந்து செய்த குழலிலும் க, த இரண்டும் செயலியில் இறங்கித்தான் தெரியும். அதைக் குறை என்று நினைத்து யாராவது அரத்தை எடுத்தால் நல்ல குழல் பாழாகிவிடும். ரி, ம, ப, நி நான்கும் செயலியோடு நான்கைந்து சென்டுக்குள் ஒத்துப்போக வேண்டியவை. மாணவர் குழலில் பத்து சென்ட் வரை பொறுக்கலாம்.

எல்லாச் சுரமும் ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ இருந்தால், அதாவது ஸ 20 சென்ட் இறங்கி, மற்றவையும் அதற்கேற்ப இறங்கியிருந்தால், கவலை வேண்டாம். வீட்டில் சுருதிப் பெட்டியை அந்த அளவுக்குச் சற்று இறக்கிக்கொண்டு பழகலாம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஊதும் வகுப்பில்தான் அது இடிக்கும்.

இனி உங்கள் வாத்தியார் சொன்ன நி. விரிசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நி-க்கு மூன்று துளை மூடியிருக்கும்போது ஒலி வெளியேறுவது நான்காம் துளையில். விரிசல் இருப்பது அதற்குக் கீழே, ஏற்கெனவே திறந்து கிடக்கும் பகுதியில். ஆகவே நி இறங்கியிருந்தால் அது குழல் செய்தபோதே நேர்ந்தது: நான்காம் துளை சிறியதாகவோ சற்றுக் கீழே தள்ளியோ போடப்பட்டிருக்கிறது. 20 சென்ட் வரையிலான இறக்கத்தைச் சரிசெய்யலாம். மெல்லிய உப்புக் காகிதத்தைத் தீக்குச்சியில் சுற்றி, நான்காம் துளையின் ஊதுதுளைப் பக்க விளிம்பை மட்டும் நாலைந்து முறை தேய்த்து, ஊதிப் பார்த்து, மறுபடி தேய்த்து என்று போக வேண்டும். நி-க்கு மூடுவது மூன்றாம் துளை என்பதால் அதைப் போய்ப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஏறுவது ஸ, நி இருந்த இடத்திலேயே இருக்கும். தேய்த்ததை மீட்க முடியாது என்பதால் இதை வீட்டில் முயலாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "எந்தத் துளையைத் தொடுவீர்கள்?" என்று கேளுங்கள். நான்காவது என்று சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

அதற்கு நேர்மாறாக ஒரு சுரம் ஏறியிருந்தால், துளையின் உள்விளிம்பில் கொஞ்சம் தேன்மெழுகு வைத்துச் சிறிதாக்கலாம். வெயில் காலத்தில் மெழுகு இளகும், அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு சுரங்கள் ஆளுக்கொரு பக்கம் 25 சென்டுக்கு மேல் விலகினால் அந்தக் குழலில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

கீழ் ஸ்தாயி விரிசலுக்கு முன்பிருந்தே காற்றாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். ஊதுதுளைக்கு அப்பால் குழலை அடைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். சில குழல்களில் மூங்கிலின் கணுவே அடைப்பாக இருக்கும், சிலவற்றில் தக்கை வைத்திருப்பார்கள். தக்கை காய்ந்து சுருங்கினால் ஓரத்தில் காற்று கசியும். கசிவு மயிரிழை அளவு இருந்தாலும் கீழ் ஸ்தாயிச் சுரங்கள் முதலில் படுக்கும், பிள்ளை மூச்சை வீணாக அழுத்தும், அழுத்தினால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். பார்க்கிறவர்களுக்கு அது ஊதத் தெரியாததுபோலவே இருக்கும்.

சோதிப்பது எளிது. அடைத்த முனை கீழே வரும்படி குழலைச் செங்குத்தாகப் பிடித்து, ஊதுதுளை வழியாகப் பத்துச் சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தக்கைக்கு அப்புறமுள்ள வெற்றுக் குழாய்க்குள் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டிச் செருகி இரண்டு நிமிடம் அப்படியே வையுங்கள். காகிதம் நனைந்திருந்தால் கசிவு. உடனே குழலைத் துடைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். புதுத் தக்கை வைத்து ஓரத்தில் தேன்மெழுகு உருக்கி விடுவது சிறிய வேலை, நூல் கட்டும்போதே சேர்த்துச் செய்துவிடலாம்.

தக்கையின் இடமும் முக்கியம். ஊதுதுளையின் நடுவிலிருந்து தக்கையின் முகம் வரை, குழலின் உள்விட்டத்துக்கு ஏறத்தாழச் சமமான தூரம் இருக்க வேண்டும். இரண்டு துளை மூடி ஸ ஊதி, அதே விரலில் சற்று அழுத்தி மேல் ஸ ஊதச் சொல்லுங்கள். மேல் ஸ பத்துப் பதினைந்து சென்ட் ஏறுவது சகஜம், அழுத்தி ஊதுவதால் வருவது அது. 25-க்கு மேல் ஏறினால் தக்கை ஊதுதுளைக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அதை வெளிப்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் பார்க்க வேண்டும். மேல் ஸ இறங்கினால் உள்ளே தள்ள வேண்டும். கணுவே அடைப்பாக உள்ள குழலில் இந்த வழி இல்லை. அங்கே மேல் கீழ் ஸ்தாயிகள் ஒத்துப்போகாவிட்டால் அது மூங்கிலின் அமைப்பிலேயே உள்ள குறை.

ஊதுதுளையைப் பார்க்க ஜன்னல் வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். உதட்டுக்கு எதிர்ப்பக்கமுள்ள விளிம்பில்தான் காற்று மோதி இரண்டாகப் பிரிந்து ஒலி பிறக்கிறது. அந்த விளிம்பு கூராகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். கீழே விழுந்து அரை மில்லிமீட்டர் சிம்பு பெயர்ந்திருந்தாலும், யாரோ "வழவழப்பாக்குகிறேன்" என்று தேய்த்து மழுக்கியிருந்தாலும், வார்னிஷ் திரண்டு தடித்திருந்தாலும் ஒலி மங்கும். வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் மருந்தில்லை. விளிம்பை மறுபடி கூராக்கப் போனால் துளை பெரிதாகும், துளை பெரிதானால் குழலின் மொத்தச் சுருதியும் ஏறும். விரிசல் ஊதுதுளையைத் தொட்டிருந்தாலும் இதே முடிவுதான், மாற்றிவிடுங்கள். எந்தப் பழுதுக்குப் போனாலும் ஊதுதுளையில் கை வைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது விரிசல். மூங்கிலின் நார் நீளவாக்கில் ஓடுவதால் விரிசலும் நீளவாக்கில்தான் ஓடும். மூடிய காருக்குள் மூங்கிலின் ஈரம் சட்டென்று வெளியேறி, சுற்றளவு சுருங்கி, தாங்காமல் பிளந்திருக்கிறது. டெஃப்லான் டேப்பைப் பிரித்துவிட்டு, விரிசல்மேல் முகப்பவுடரைத் தேய்த்து ஈரமில்லாத துணியால் துடையுங்கள். வெடித்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு தங்கும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகவே ஓடியிருப்பது வழக்கம். கோடு முடியும் இடத்தில் பென்சிலால் சிறு குறி போட்டு, ஒரு வாரம் ஊதாமல் வைத்து, மறுபடி பவுடர் போட்டுப் பாருங்கள். குறியைத் தாண்டவில்லை என்றால் மூங்கில் நிலைக்கு வந்துவிட்டது, ஒட்டலாம். தாண்டியிருந்தால் இன்னும் பொறுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விரிசலை ஒட்டினால் ஒட்டுக்கு அப்பால் மறுபடி பிளக்கும்.

உங்கள் குழலில் விரிசல் இருக்கும் இடம் ஒரு வகையில் நல்ல இடம். துளைகள் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் போகிறது, ஊதுதுளைக்கும் வெகுதூரம். இது ம-வையும் கீழ் க-வையும்தான் கெடுக்கும், ப-வைக் கொஞ்சம் தொடும். ஸ, நி, த மூன்றும் பழையபடியே வரும். அப்படித்தான் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விரிசலின் சேதம் அவ்வளவே. ஊதுதுளைக்கும் முதல் துளைக்கும் நடுவே விரிசல் விட்டால் எல்லாச் சுரமும் படுக்கும், ஆனாலும் அங்கே விரல் வைக்கும் இடமில்லாததால் தாராளமாக நூல் கட்டிச் சரிசெய்துவிடலாம். இரண்டு மூன்று துளைகளை ஊடுருவிப் போவதுதான் தொல்லை. நூல் கட்ட இடம் போதாது, ஒட்டிய விளிம்பு விரலில் உரசும், கமகத்துக்கு விரல் வழுக்கிப் போகாது. தக்கைக்கு அப்புறமுள்ள வெற்று முனையில் மட்டும் விரிசல் என்றால் ஒலிக்கு ஒரு பாதிப்பும் இல்லை, மேலே ஓடாமல் ஒரு கட்டுப் போட்டால் போதும்.

ஒட்டும் முறை தெரிந்திருந்தால், கேட்கும் 400 ரூபாய்க்கு என்ன செய்கிறார் என்று உங்களால் பார்க்க முடியும். விரிசலைச் சுற்றி ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். பிறகு நூல் கட்டு முதலில், பசை அப்புறம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள மெழுகு பூசிய நைலான் நூல் சிறந்தது, செருப்புத் தைக்கப் பயன்படுவதுதான். நூலின் ஒரு முனையை வளையமாக மடித்துக் குழல்மேல் நீளவாக்கில் படுக்கவைத்து, அதன்மேல் நெருக்கமாக, ஒரு சுற்றை ஒட்டி அடுத்த சுற்றாக, எட்டுப் பத்து மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுற்ற வேண்டும். முடிவில் நூலை வளையத்துக்குள் விட்டு, மறுமுனையை இழுத்தால் வளையம் கட்டுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். முடிச்சே இருக்காது, அதனால் கையில் எதுவும் தட்டுப்படாது. உங்கள் குழலுக்கு இப்படி நான்கு கட்டுகள் வேண்டியிருக்கும்: அடிமுனையில் ஒன்று, விரிசல் முடிவதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே ஒன்று, துளைகளுக்கு இடையே மெல்லியதாக இரண்டு. கட்டு இறுகியதும் விரிசல் தானாக நெருங்கும். அப்போது தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விரிசல்மேல் விட்டால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டுகள்மேலும் ஒரு சொட்டு. முழுதாக ஒரு நாள் ஆன பிறகு, குச்சியில் சுற்றிய மெல்லிய உப்புக் காகிதத்தால் குழலின் உட்புறத்தைத் தேய்த்து, உள்ளே திரண்ட பசையை எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே மேடாக நிற்கும் பசை ஒலியை உறுத்தலாக்கும். பசையின் நெடி அடங்கும்வரை, குறைந்தது ஒரு நாள், குழந்தையை ஊத விடாதீர்கள்.

நகம் நுழையும் அளவுக்கு விரிசல் அகன்றிருந்தால் நூலால் இறுக்கி மூடப் பார்க்கக் கூடாது, எதிர்ப்பக்கம் புது விரிசல் விடும். மூங்கில் தூளைப் பசையோடு சேர்த்து இடைவெளியை நிரப்பிவிட்டு, அதன் பிறகு கட்ட வேண்டும். எம்-சீல் அப்பித் தருவேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். குழலைத் தண்ணீரில் ஊறப் போட்டால் விரிசல் மூடிக்கொள்ளும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மூடும், உண்மைதான். காய்ந்ததும் முன்னைவிட நீளமாகப் பிளக்கும்.

குழலைத் தட்டும்போது மாவு போன்ற தூள் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்கு வட்டமான ஓட்டைகளும் தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மூங்கிலின் மாவுச்சத்தைத் தின்னும் வண்டு அது. அந்தக் குழலைச் சரிசெய்ய வேண்டாம், வேறு குழல்கள் இருக்கும் பெட்டியிலும் வைக்க வேண்டாம். அதேபோல, காரில் விட்டது போன்ற காரணம் எதுவும் இல்லாமல் ஒரே வருடத்தில் இரண்டாவது விரிசல் விட்டால், மூங்கில் பதமாகக் காயாமலே குழலாகியிருக்கிறது என்று பொருள். ஒட்ட ஒட்ட வெடித்துக்கொண்டே இருக்கும்.

ஃபைபர், பிவிசி குழல்களை நாங்கள் ஒதுக்கிச் சொல்வதில்லை. மூங்கில் போலக் காய்ந்து வெடிக்காது, ஏசி ஒன்றும் செய்யாது, சுரங்கள் துல்லியமாகத் துளைத்ததும் கிடைக்கிறது. பள்ளிக்கும் ஊருக்கும் எடுத்துப்போக நல்லது. ஆனால் இரண்டு வருடம் மூங்கிலில் பழகிய பிள்ளைக்கு அதையே முக்கியக் குழலாகக் கொடுக்கத் தயங்குவோம். வியர்வை பட்டால் மேற்பரப்பு வழுக்கும், பல மலிவுக் குழல்களில் துளை விளிம்பு கூராகவே விடப்பட்டிருப்பதால் விரல் வழுக்கிச் செல்லும் ஜாருவுக்கு இடைஞ்சலாக இருக்கும். உங்கள் குழல் பழுதுக்குப் போயிருக்கும் இரண்டு வாரத்துக்கு வாத்தியாரிடமோ உடன் படிக்கும் பிள்ளையிடமோ ஒன்றை இரவல் கேளுங்கள், போதும்.

ஆக, உங்களுக்கு எங்கள் யோசனை: நி 20 சென்டுக்குள் இறங்கியிருந்து, மற்றவை ஒழுங்காக இருந்து, ஊதுதுளை பழுதில்லாமல் இருந்தால் சரிசெய்யுங்கள். விரிசல், தக்கை, நான்காம் துளை மூன்றையும் ஒரே கையில் கொடுத்து மொத்தமாகப் பேசுங்கள். 500, 600 ரூபாய் வரை தரலாம். அதற்கு மேல் போனால் இந்த விலைக் குழலுக்கு அது கட்டாது. நி 30 சென்ட் இறங்கியிருந்தாலோ, நி-யோடு வேறு இரண்டு சுரமும் விலகினாலோ பழுதுக் கூலியைப் புதுக் குழலில் சேர்த்துவிடுங்கள். இடையில் வாத்தியாரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த ஒரு வருடத்தில் அவளை 4½ போன்ற நீளமான குழலுக்கு மாற்றும் எண்ணம் இருக்கிறதா? விரல் நீண்டுவரும் வயது இது. மாற்றுவதாக இருந்தால் பழையதற்கு விரிசலை மட்டும் ஒட்டி வைத்துக்கொண்டு, பணத்தை அடுத்த குழலுக்கு வையுங்கள்.

மகளுக்கு ஊத வரவில்லையோ என்ற கவலையை, வாத்தியார் ஊதிப் பார்க்கும்வரை தள்ளி வையுங்கள். அவர் ஊதும்போதும் கீழ் ப காற்றாக வந்தால் குறை குழலுடையது, அதை அவள் எதிரிலேயே சொல்லுங்கள். கசிகிற குழலில் இரண்டு வருடம் ஊதியிருந்தால், தக்கை மாற்றிய அன்றே அவளுக்கு வித்தியாசம் தெரியும்.

தினமும் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கும், விரிசலை அடியோடு தடுக்காது. அதிகமானால் உள்ளே தூசியைப் பிடித்து வைத்துப் பூஞ்சணமும் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, குச்சியில் சுற்றிய துணியில் நாலைந்து சொட்டு நல்லெண்ணெய் தொட்டு உட்புறம் பூசி, ஓரிரவு வைத்து, காலையில் துடைத்துவிட்டால் போதும். ஊதுதுளை விளிம்பில் எண்ணெய் தேங்க விடாதீர்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் மாதம் ஒரு முறை செய்யலாம். ஒட்டும் வேலைக்கு முன் ஒரு மாதம் எண்ணெயே வேண்டாம். ஊதி முடித்ததும் உள்ளே துடைத்துவிட்டுத் துணிப்பையில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சணம், ஏசிக்கு நேரே வைத்தால் மறுபடி விரிசல்.

புதிது வாங்கும்படி ஆனால் வாத்தியாரை உடன் அழைத்துப் போங்கள், அல்லது அவர் பார்க்கும்வரை மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்லி வாங்குங்கள். ஒரே கட்டையில் ஐந்தாறு குழல்களை எடுத்து, மேலே சொன்ன எட்டுச் சுரங்களையும் ஒவ்வொன்றிலும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கை செய்த குழல்களிலும் நி, ம இரண்டும் ஆளுக்கொரு இடத்தில் நிற்கும். பச்சை வாடை அடிப்பதையும், அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதையும் ஒதுக்கிவிடுங்கள், அவை சரியாகக் காயாதவை. பளபளப்பான வார்னிஷுக்கும் பட்டுக் குஞ்சத்துக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். சுரம் சேர்ந்த குழலில் லேசான வளைவோ கறுப்புப் புள்ளிகளோ இருந்தால் தயங்காமல் எடுங்கள், ஒலிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எடுத்த குழலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு நூல் கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுவரும் முன் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.